இருப்புப்பாதையைக் கடக்கும் முறை

சென்னைக்கு வடக்கே, வங்கக் கடலை அடுத்து, தமிழ்நாட்டிலும் ஆந்திரப் பிரதேசத்திலுமாகப் பரந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. ஒடிசாவிலுள்ள சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் இதுவே பெரியது. ஸ்ரீஹரிகோட்டா என்னும் நெடிய மணல்தீவு இதனைக் கடலினின்றும் பிரித்து நிற்கிறது. ஏரியின் தென்பகுதியில், கடல்நீர் உட்புகும் முகத்துவாரத்தின் அருகே பழவேற்காடு என்னும் ஊர் உள்ளது. டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டில் கெல்ட்ரியா என்னும் கோட்டையைக் கட்டி வாணிகம் நடத்திய பழைய துறை இது. இவ்வூரைச் சூழக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம், கூனங்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள் பல இருக்கின்றன.

இவ்வூர்களில் வாழ்வோர்க்கு நீரே வயல், வலையே ஏர். மடவை, கொடுவா, இறால், நண்டு ஆகியவை அவர்தம் விளைச்சல். ஆயினும், நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதுபோல் மீனைச் சேமித்து வைக்க இயலாது. பனிக்கட்டி உருகுமுன் அது சந்தையை அடைதல் வேண்டும். ஏரியின் மேற்குப் புறத்தே சென்னையிலிருந்து கூடூர் நோக்கி வடக்கே செல்லும் இருப்புப்பாதை அமைந்துள்ளது. மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா, சூலூர்ப்பேட்டை என்பன அப்பாதையிலுள்ள நிலையங்களுள் சில. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வழியாகத் தச்சூரை அடைந்து, கொல்கத்தா நெடுஞ்சாலையைச் சேர விரும்புவோர் இவ்விருப்புப்பாதையைக் கடந்தே ஆகவேண்டும். மீன் ஏற்றிய ஊர்தியும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும், கூடை சுமந்த அன்னையும் இருப்புப்பாதையைக் கடக்கும் நேரம் சில நொடிகளே. அச்சில நொடிகளில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

மீனவர் அறிந்த இரு முறைகள்

மாணவர்களே, காத்திருத்தல் என்பது கடற்கரை மக்களுக்குப் புதியதன்று. முகத்துவாரத்தின் வழியே கடலுக்குட் செல்லும் படகினர், நினைத்த மாத்திரத்தில் படகைச் செலுத்துவதில்லை. அங்கே அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து உடையும். சுக்கான் பிடிப்பவர் அலைகளை நோக்கிக் காத்து நிற்பார். ஓர் அலை உடைந்தவுடன் பாய்ந்துவிடவும் மாட்டார். அதன் பின்னே மற்றோர் அலை மறைந்து வருகிறதா என்று பார்த்து, இடைவெளி உண்டு எனத் தெளிந்த பின்னரே படகைச் செலுத்துவார். அவ்வாறு காத்து நிற்பவரைக் கோழை என்று எவரும் இகழார். தொழில் தெரிந்தவர் என்றே மதிப்பர்.

இரண்டாவது முறை, 'பாடு' என வழங்குவது. ஏரியில் நல்ல மீன்பாங்கான இடங்கள் சிலவே. அவ்விடங்களில் இன்ன நாளில் இன்னவர் வலையிடுதல் வேண்டும் என்று முறை வகுத்துக்கொள்ளும் ஏற்பாடு பழவேற்காட்டில் நெடுங்காலமாக உண்டு. ஒருவருடைய பாட்டில் மற்றொருவர் வலையிடுதல் கூடாது. தம் முறை வரும்வரை பொறுத்திருப்பர்; முறை வந்தபின் தயங்கார்.

இருப்புப்பாதையும் இத்தகைய முறையினாலேயே இயங்குகிறது. நீண்ட பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு காலத்தில் ஒரு வண்டியே செல்லுமாறு ரயில்வேயினர் ஒழுங்கு செய்துள்ளனர். முன்னே சென்ற வண்டி அப்பகுதியைக் கடந்து நீங்கிய பின்னரே பின்னால் வரும் வண்டிக்குக் கைகாட்டியின் அனுமதி கிடைக்கும். சாலையும் இருப்புப்பாதையும் ஒரே மட்டத்தில் ஒன்றையொன்று குறுக்கிடும் இடம் 'கடவு' எனப்படும்; மக்கள் வழக்கில் 'ரயில்வே கேட்' என்பர். அவ்விடம் சாலையில் செல்வோர்க்கும் ரயில்வண்டிக்கும் பொது. எனினும் வண்டி வரும்போது முதல் முறை வண்டிக்கே உரியது. அது ஏன் என்பதை அறிந்துகொண்டால், கடவு பற்றிய விதிகள் யாவும் எளிதில் விளங்கும்.

வண்டி ஏன் உடனே நிற்பதில்லை?

ரயில்வண்டியின் சக்கரமும் எஃகு. அது உருளும் தண்டவாளமும் எஃகு. இரண்டும் வழவழப்பானவை. ஆதலின் அவற்றிடையே உராய்வு மிகக் குறைவு. ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட எடையை ஓர் இயந்திரம் இழுத்துச் செல்வது இதனால்தான் எளிதாகிறது. ஆனால் அந்த நன்மையே நிறுத்தும்போது இடராகிறது. தடுப்பை முழு வலிமையோடு இயக்கினாலும், விரைந்து வரும் நீண்ட வண்டி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவு ஓடிய பின்னரே நிற்கும். கோல் ஊன்றுவதை நிறுத்திய பின்னும் தோணி நீரில் வழுக்கிக்கொண்டு செல்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தோணி சில முழம் செல்லும். ரயில்வண்டி ஓர் ஊரின் நீளம் செல்லும். மேலும், தோணியைப் போல் அது பக்கவாட்டில் திரும்பவும் இயலாது. எனவே கடவில் ஒருவர் நிற்பதை ஓட்டுநர் கண்ணாரக் கண்டாலும், ஒலி எழுப்புவதும் தடுப்பை இயக்குவதும் அன்றி அவரால் ஆகக்கூடியது வேறில்லை. நடந்து செல்பவரோ ஓரடியில் நிற்கலாம். மிதிவண்டியில் செல்பவர் சில அடிகளில் நிற்கலாம். நிற்க வல்லவர் நிற்பதே முறையன்றோ?

இனி ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கிறது. கடவுக்கு 600 மீட்டர் முன்னால் ஓட்டுநர்க்கென ஒரு பலகை நடப்பட்டிருக்கும். அதைக் கண்டதும் அவர் சீழ்க்கை ஒலிக்கத் தொடங்குவார். அவ்வொலி எழுந்தபின் வண்டி கடவை அடைய 24 நொடிகளே ஆகும். தலைச்சுமையோடு இரட்டைப் பாதையைக் கடக்கும் ஒருவர்க்குப் பத்துப் பன்னிரண்டு நொடிகளேனும் வேண்டும். கால் இடறினாலோ, கூடை சரிந்தாலோ, எஞ்சிய நொடிகளும் போய்விடும்.

கண்ணும் நம்மை ஏமாற்றும். உருவில் பெரிய பொருள் விரைந்து வரினும், மெல்ல வருவதுபோலவே நமக்குத் தோன்றும். நேரே நம்மை நோக்கி வரும் பொருளோ, தொலைவில் உள்ளவரை அசையாது நிற்பதுபோலவே காணப்படும். அருகில் வந்தபின் திடீரெனப் பெருத்துவிடும். 'வண்டி தொலைவில்தானே இருக்கிறது' என்று நம் கண் சொல்லும் சொல்லை நம்பிக் கடத்தல் ஆகாது.

ஆளில்லாக் கடவு

கடவுகள் பல வகைப்படும். அவற்றுள் மிகக் கொடியது ஆளில்லாக் கடவு. வாயிலும் இல்லை, காவலரும் இல்லை, ஒரு பலகை மட்டுமே இருக்கும். நம் நாட்டில் அத்தகைய கடவுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 2012ஆம் ஆண்டில், அனில் ககோட்கர் தலைமையில் அமைந்த உயர்நிலைப் பாதுகாப்புக் குழு, எல்லாக் கடவுகளையும் படிப்படியாக நீக்கிவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில், ஆளில்லாக் கடவு ஒன்றில் பள்ளி ஊர்தியின்மீது ரயில்வண்டி மோதி 13 குழந்தைகள் உயிரிழந்தனர். அதன்பின் இப்பணி விரைவுபெற்று, 2019ஆம் ஆண்டு ஜனவரி இறுதிக்குள் அகலப்பாதைகளில் இருந்த ஆளில்லாக் கடவுகள் யாவும் நீக்கப்பட்டன. சில இடங்களில் காவலர் அமர்த்தப்பட்டனர், சில இடங்களில் சுரங்கப்பாதை வெட்டப்பட்டது, சில அடைக்கப்பட்டன.

ஆயினும், வாயிலற்ற கடவு எதையேனும் எங்கேனும் காண நேர்ந்தால் என்செய்வது? 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 131ஆம் பிரிவில், இதற்கு வழி கூறுகிறது. ஊர்தியைக் கடவுக்கு முன் நிறுத்த வேண்டும். உடன் வருபவர் இறங்கிக் கடவுவரை நடந்து சென்று, இருபுறமும் வண்டியோ தள்ளுவண்டியோ வரவில்லை என உறுதி செய்து, ஊர்தியை வழிநடத்த வேண்டும். உடன் வருபவர் இல்லையெனில் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும். நின்று, பார்த்து, செவிகொடுத்து, பின்னரே கடத்தல் வேண்டும். காதில் பாட்டுக் கருவியைச் செருகிக்கொண்டு செல்பவர்க்குச் சீழ்க்கை கேளாது. அது காதைத் தாமே அடைத்துக்கொள்வதாகும்.

பிணைப்புள்ள வாயில்

காவலர் உள்ள வாயில்கள் இருவகைப்படும். கைகாட்டியோடு பிணைக்கப்பட்ட வாயில் ஒன்று; பிணைக்கப்படாத வாயில் மற்றொன்று. இவ்வேறுபாட்டைப் பலர் அறியார்.

பிணைப்புள்ள வாயிலில், வாயில் மூடிப் பூட்டப்பட்டாலன்றி ரயில்வண்டிக்கு வழிவிடும் கைகாட்டி பச்சை காட்டாது. பச்சை காட்டிய பின்னரோ, வண்டி கடந்து செல்லும்வரை வாயிலை இயல்பாகத் திறக்க இயலாது. இவ்வமைப்பை அறியாத ஒரு மீன் வணிகப் பெண்ணுக்கும் வாயிற்காவலர்க்கும் நிகழும் உரையாடலாகக் கீழ்க்கண்டதைக் கொள்வோம்.

"அண்ணா, இறால் ஏற்றி வந்திருக்கிறோம். பனிக்கட்டி உருகி ஒழுகுகிறது. வண்டி கண்ணுக்கெட்டிய தொலைவில் காணோம். சற்றே திறந்துவிடலாகாதா?"

"அம்மா, உன் வருத்தம் எனக்குத் தெரியாததன்று. ஆனால் கைகாட்டி விழுந்துவிட்டது. இனி இப்பூட்டு என் வசத்தில் இல்லை. நான் விரும்பினாலும் இது திறவாது."

"அப்படியானால், சாய்ந்த கட்டையின் கீழே குனிந்து, கூடைகளை மட்டுமாவது கொண்டுபோய்விடுகிறோம்."

"கூடை போய்ச் சேரலாம், அம்மா, சுமப்பவர் போய்ச் சேராவிட்டால் யாருக்கு என்ன பயன்? இறால் கெட்டால் இன்றைய கூலி போயிற்று என்று எண்ணிக்கொள்வாய். நாளை ஏரி மறுபடியும் தரும். சற்றுப் பொறுத்துக்கொள்."

காவலர் கூறியது எளிய உரையே எனினும், அதில் உள்ள கணக்கு பெரியது. ஐந்து நிமிடத்தில் இழக்கும் பொருள் ஒருபுறம்; ஒரு நொடியில் இழக்கும் உயிர் மறுபுறம். மீன் கெடும் என்ற கவலை பொய்யன்று. ஏழைக் குடும்பத்துக்கு அது பெருங்கவலையே. ஆகவே அக்கவலையைக் கடவில் வந்து தீர்த்துக்கொள்ள முயலாது, பனிக்கட்டியைச் சற்றுக் கூடுதலாக இட்டும், சற்று முன்னரே புறப்பட்டும், வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளுதல் அறிவுடைமை.

மூடிய வாயிலைத் தாமே திறப்பவர்க்கு 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 160ஆம் பிரிவில் மூன்றாண்டு வரையிலும், அதனை உடைப்பவர்க்கு ஐந்தாண்டு வரையிலும் சிறைத்தண்டனை விதித்துள்ளது. முந்திச் செல்லும் ஆசை எத்துணைக் கேடு விளைக்கும் என்பதற்கு இலங்கையில் நிகழ்ந்த ஒரு துயரமே சான்று. 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், பொல்காவலைக்கு அருகிலுள்ள யாங்கல்மொதர என்னுமிடத்தில், ரயில்வண்டி வருமுன் கடந்துவிடலாம் என்று கருதிப் பேருந்தைச் செலுத்தினார் ஓட்டுநர். வண்டி மோதி முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பேருந்தில் இருந்தவர் எவரும் அந்த விரைவை வேண்டியவர் அல்லர். ஒருவர் பொறுமையிழந்தார், பலர் உயிரிழந்தனர்.

பிணைப்பற்ற வாயில்

பிணைப்பற்ற வாயிலில், நிலைய அதிகாரி தொலைபேசி வழியாக வண்டி வருவதை வாயிற்காவலர்க்கு அறிவிப்பார். காவலர் வாயிலை மூடிவிட்டு, அதற்கு அடையாளமாக ஓர் இரகசிய எண்ணைத் திருப்பிக் கூறுவார். அந்த எண்ணைப் பெற்றபின் அதிகாரி வண்டிக்கு அனுமதி தருவார். இங்கே வாயிலுக்கும் கைகாட்டிக்கும் இடையே இயந்திரப் பூட்டு இல்லை. மனிதரின் வாய்மையும் கடமையுணர்ச்சியுமே பூட்டாக உள்ளன. மனிதர் தவறும்போது, தவற்றைத் தடுப்பதற்கு அங்கே பொறி ஏதும் இல்லை.

2025ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் காலை, கடலூருக்கு அருகிலுள்ள செம்மங்குப்பம் என்னும் ஊரில் இது நேர்ந்தது. அங்கிருந்தது பிணைப்பற்ற வாயில். மூடியிருக்க வேண்டிய நேரத்தில் அது மூடப்படாதிருந்தது. கடக்க முற்பட்ட பள்ளி ஊர்தியின்மீது பயணிகள் வண்டி மோதியது. மாணவர் மூவர் உயிர் நீத்தனர். அதன்பின், வாயில்களில் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்துமாறும், பிணைப்பு முறையை மேலும் பல வாயில்களுக்கு விரிவாக்குமாறும் ரயில்வே அமைச்சு ஆணையிட்டது.

இத்துயரம் நமக்குக் கற்பிக்கும் பாடம் மிக இன்றியமையாதது. மூடிய வாயில் 'நில்' என்று கட்டளையிடுகிறது. திறந்த வாயிலோ 'செல்' என்று கட்டளையிடுவதாக நாம் எண்ணிவிடுகிறோம். அவ்வாறு எண்ணுதல் தவறு. திறந்த வாயில் நமக்கு வழி தருகிறது. வண்டி வரவில்லை என்பதற்கு அது முழு உறுதியன்று. வாயில் திறந்திருப்பினும், வேகத்தைக் குறைத்து, வலமும் இடமும் நோக்கி, செவிகொடுத்த பின்னரே கடத்தல் வேண்டும். துறையில் காவலர் கொடி காட்டினாலும், சுக்கான் பிடிப்பவர் தம் கண்ணால் ஒருமுறை அலையைப் பார்த்தே தீர்வார் அன்றோ? பள்ளி ஊர்தியில் செல்லும் நீங்கள், கடவு நெருங்கும்போது கூச்சலிடாது அமைதியாக இருத்தல் வேண்டும். ஓட்டுநரின் காது வண்டியின் ஒலிக்கு உரியதாகுக.

மேம்பாலமும் சுரங்கப்பாதையும்

கடவின் இடரை வேரோடு நீக்குவன மேம்பாலமும் சுரங்கப்பாதையும். சாலை மேலே செல்லும். வண்டி கீழே செல்லும். அல்லது வண்டி மேலே செல்லும். சாலை கீழே செல்லும். இரண்டும் சந்திப்பதேயில்லை. சற்றுச் சுற்றாயினும் இவ்வழியையே கொள்ளுதல் வேண்டும்.

ஆனால் சுரங்கப்பாதைக்கும் ஓர் இடர் உண்டு. வடகிழக்குப் பருவமழை பொழியும் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் தாழ்ந்த நிலப்பகுதிகளிலுள்ள சுரங்கப்பாதைகளில் நீர் தேங்கும். மேலே பார்க்கும்போது முழங்கால் அளவே எனத் தோன்றும். நடுவிலோ ஆள் ஆழம் இருக்கும். ஏரியில் பிறந்து வளர்ந்தோம் என்ற துணிவால் அதனுள் ஊர்தியைச் செலுத்துதல் ஆகாது. அதற்கு மாறாகத் தண்டவாளத்தின்மீது ஏறிக் குறுக்கே செல்லுதலும் ஆகாது. அருகிலுள்ள வேறு வழியை நாடுக.

நிலையங்களில் நடைமேம்பாலம் உண்டு. படி ஏற அஞ்சி, நடைமேடையிலிருந்து தண்டவாளத்தில் இறங்கிக் கடப்போர் பலர். மீன்கூடையைத் தலையில் வைத்தவர்க்குப் படி ஏறுதல் துன்பமே. ஆனால் கூடையைத் தாங்க உயர்த்திய கை ஒருபுறத்துப் பார்வையை மறைக்கும். கழுத்தை எளிதில் திருப்பவும் முடியாது. நீர் சொட்டும் கூடையின்கீழ்க் கால் வழுக்கவும் கூடும். மற்றவரைவிட அவர்க்கே இடர் மிகுதி. வீட்டிலுள்ள பிள்ளைகள் உடன் செல்ல நேர்ந்தால், சுமையைப் பகிர்ந்துகொண்டு, "படிவழியே போவோம், அம்மா" என்று அழைத்துச் செல்லுதல் சிறந்த தொண்டாகும். உரிமையின்றித் தண்டவாளத்தில் நுழைவது, ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும்.

கடக்கும்போது கவனிக்க வேண்டியவை

சென்னை–கூடூர் வழியில் போகும் வண்டிக்கும் வரும் வண்டிக்கும் தனித்தனிப் பாதைகள் உள்ளன. ஒரு வண்டி சென்றவுடன் ஓடிக் கடக்க முயல்பவர், அதன் மறைவில் எதிர்ப்புறமிருந்து வரும் மற்றொரு வண்டியைக் காணார். முதல் வண்டியின் இரைச்சலில் இரண்டாம் வண்டியின் ஒலியும் அடங்கிப்போகும். முகத்துவாரத்தில் முதல் அலையின் பின்னே மறைந்து வரும் இரண்டாம் அலையை நினைவிற்கொள்க. வாயில் திறக்கும்வரை நின்று, பின்னரும் இருபுறமும் நோக்கிக் கடக்க வேண்டும்.

சாலையோரத்தே சிவந்த கரையுடைய முக்கோணப் பலகையைக் காணலாம். வேலிவாயிலின் படம் இருந்தால் காவலர் உள்ள கடவு. இயந்திரத்தின் படம் இருந்தால் காவலற்ற கடவு. அதன் கீழே இரண்டு சாய்ந்த பட்டைகள் இருந்தால் கடவு சற்றுத் தொலைவில் உள்ளது. ஒரு பட்டை இருந்தால் அருகில் வந்துவிட்டது என்பது பொருள். பலகையைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தல் வேண்டும். முன்னே செல்லும் ஊர்தி கடவைக் கடந்து, அதன் பின்னால் நம் ஊர்தி நிற்பதற்கு இடம் உண்டாகும்வரை தண்டவாளத்தின்மீது ஏறுதல் கூடாது. கடவின்மீது முந்துதலும் கூடாது.

தண்டவாளத்தை ஒட்டிச் சக்கர விளிம்பு செல்வதற்காகச் சிறு பள்ளம் விடப்பட்டிருக்கும். மிதிவண்டியை அதில் சாய்வாகச் செலுத்தினால் சக்கரம் சிக்கிக்கொள்ளும். நேர்குறுக்காகவே செலுத்த வேண்டும். இறங்கித் தள்ளிச் செல்லுதல் இன்னும் நன்று.

இன்று இப்பாதையில் வண்டிகள் மின்சாரத்தால் ஓடுகின்றன. புகை நீங்கியும் 'புகைவண்டி' என்னும் பெயர் மட்டும் நம் நாவில் நிலைத்துவிட்டது. தண்டவாளத்தின் மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. அதனைத் தொட வேண்டுவதில்லை. மிக நெருங்கினாலே மின்சாரம் தாவும். கடவின் இருபுறமும் சாலைக்கு மேலே அமைந்துள்ள சட்டம், சுமையின் உயர எல்லையைக் காட்டுவதாகும். பாய்மரம், தோணிக்கோல், மூங்கில் ஆகியவற்றை ஏற்றிச் செல்வோர் அவற்றைப் படுக்கையாகக் கட்டிக்கொண்டு செல்ல வேண்டும். நிமிர்த்திச் செல்லும் ஈரமூங்கில் உயிருக்கு எமனாகும்.

ஊர்தி நின்றுவிட்டால்

எவ்வளவு கவனமாயிருப்பினும், தண்டவாளத்தின் நடுவே ஊர்தி பழுதாகி நின்றுவிடுதல் உண்டு. அப்போது செய்ய வேண்டியது முதலில் ஒன்றே: உள்ளே இருப்போர் அனைவரும் உடனே இறங்கித் தண்டவாளத்தை விட்டு விலகுதல் வேண்டும். மீனையோ, வலையையோ, பணப்பையையோ எடுக்கத் திரும்புதல் கூடாது. அடுத்து வாயிற்காவலர்க்கு அறிவிக்க வேண்டும். அவர் நிலையத்துக்குச் செய்தி சொல்வதோடு, சிவப்புக் கொடியோடும் எச்சரிக்கை வெடிகளோடும் வண்டி வரும் திசையில் விரைவார். 600 மீட்டர் தொலைவில் ஒரு வெடியும், 1,200 மீட்டர் தொலைவில் மூன்று வெடிகளும் தண்டவாளத்தின்மீது வைக்கப்படும். சக்கரம் ஏறியதும் அவை ஒலித்து ஓட்டுநரை எச்சரிக்கும். காவலர் அருகில் இல்லையெனில், பெரியவர் ஒருவர் தண்டவாளத்துக்கு வெளியே, வண்டி வரும் திசை நோக்கி ஓடிச் சிவப்புத் துணியை வீசிக் காட்ட வேண்டும். துணி இல்லையெனில் இரு கைகளையும் உயர்த்தி அசைக்க வேண்டும். ரயில்வேயின் உதவி எண் 139 என்பதையும் நினைவிற்கொள்க. ஊர்தியைத் தள்ளிப் பார்க்கலாம் என்று பலர் கூடி நிற்றல், ஓர் ஊர்தியின் இழப்பைப் பல உயிர்களின் இழப்பாக்கிவிடும்.

முடிவுரை

வாயிலை நாட்டியதும், பூட்டை அமைத்ததும், காவலரை நிறுத்தியதும் நம் வழியை மறிப்பதற்காக அல்ல. நின்று போக வல்லவர் நாம். நிற்க இயலாதது வண்டி. இவ்வுண்மை ஒன்றை மனத்திற் கொண்டால் கடவுகளின் வகை பலவாயினும் நடத்தை ஒன்றே என்பது விளங்கும். மூடியிருந்தால் நிற்போம், திறந்திருந்தாலும் பார்ப்போம், வாயிலே இல்லையெனில் இறங்கிச் சென்று அறிவோம். பாட்டு முறைக்குக் காத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள், இருப்புப்பாதையின் முறைக்கும் காத்திருக்கக் கற்றுக்கொள்வார்களாக. பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி கடவில் நிற்போர்க்கும் பொருந்தும். கூடை சற்றுத் தாமதித்து வரினும், அதனைச் சுமந்தவர் நலமாக வீடு திரும்புதலே வீட்டார்க்குப் பெருஞ்செல்வம்.

பயிற்சி

1. முகத்துவாரத்தில் படகு செலுத்துவோர் காத்திருப்பதற்கும் கடவில் காத்திருப்பதற்கும் உள்ள ஒப்புமை யாது?
2. ரயில்வண்டி உடனே நிற்க இயலாமைக்குக் காரணம் என்ன?
3. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 600 மீட்டரை எத்தனை நொடிகளில் கடக்கும்? கணக்கிடுக.
4. பிணைப்புள்ள வாயிலுக்கும் பிணைப்பற்ற வாயிலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
5. "திறந்த வாயில் முழு உறுதியன்று" என்பதனைச் செம்மங்குப்பம் நிகழ்ச்சி கொண்டு நிறுவுக.
6. தண்டவாளத்தின்மீது ஊர்தி நின்றுவிட்டால் செய்ய வேண்டுவன யாவை?
7. முகத்துவாரம், சுக்கான், சீழ்க்கை, கடவு ஆகிய சொற்களை வாக்கியங்களில் அமைத்து எழுதுக.
8. உங்கள் ஊரினர் சந்தைக்கும் பள்ளிக்கும் செல்லும் வழியில் இருப்புப்பாதையைக் கடக்கும் இடங்களைக் கேட்டறிந்து, அவை எவ்வகையின என ஒரு பக்க அளவில் எழுதுக.